பென்னிகுவிக் ஊரில் ஒரு வாய்க்கால்!

லண்டன் போகிறவர்கள் வழக்கமாக நாலு இடம் பார்ப்பார்கள். பிக் பென் கடிகாரம், அரண்மனை வாசல், மெழுகுப் பொம்மைகள், லார்ட்ஸ் மைதானத்தின் காம்பவுண்டுச் சுவர். நாலையும் பார்த்து, நாற்பது போட்டோ எடுத்து, ஊருக்கு வந்து சொந்தக்காரர்களைப் பாடாய்ப் படுத்துவார்கள்.

மதுரைப் பக்கத்து ஆளுக்கு மட்டும் ஐந்தாவதாக ஓர் இடம் இருக்கிறது. பேர் ஃபிரிம்லி. லண்டனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், சர்ரே மாவட்டத்தில். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே இருக்கிற தூரத்தை விடக் குறைச்சல். அங்கேதான் கர்னல் ஜான் பென்னிகுவிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய இன்ஜினீயர், ஒரு சின்ன சர்ச் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

போன வருஷம் மே மாசம் எனக்கு அந்தச் சந்தர்ப்பம் கிடைத்தது. தங்க இடம் கொடுத்தவன் என் காலேஜ் தோழன். பி.காம்.மில் என் பக்கத்து பெஞ்ச். இப்போது லண்டனில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை.

"ஃபிரிம்லியா? அங்கே ஒண்ணுமே கிடையாதே மாப்ளே!" என்றான்.

"ஒண்ணுமே இல்லாத ஊரைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, கூட்டிட்டுப் போடா!" என்றேன்.

வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில் ஏறி, நடுவில் ஓர் இடத்தில் வண்டி மாறி, ஃபிரிம்லியில் இறங்கினோம். பிளாட்பாரத்தில் எங்களோடு இறங்கியவர்கள் ஒரு பாட்டியும் ஒரு நாயும். நாய்கூடக் குரைக்கவில்லை.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி சார். ஹாரன் கிடையாது. மைக் செட் கிடையாது. காதணி விழா பிளெக்ஸ் கிடையாது. செங்கல் வீடுகள், வாசலில் ரோஜா, புல்வெளி. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டு போன சத்தம்தான் அன்றைக்கு அந்தத் தெருவில் அதிகபட்ச சத்தமாக இருந்திருக்கும்.

செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் 1825-ல் கட்டியது. சுற்றிலும் பழைய கல்லறைகள். பிரெட் ஹார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒருவரும் இங்கேதான் இருக்கிறார். 1902-ல் இறந்தவர். ஆக, அமெரிக்காவிலிருந்து வருகிற இலக்கிய ரசிகர்களும் தேனி, மதுரையிலிருந்து வருகிற நம்மவர்களும் ஒரே கேட் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

பென்னிகுவிக் பிறந்தது புனாவில், 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டிப் பிறந்த ஒரே வெள்ளைக்காரர் என்று கம்பம் பள்ளத்தாக்கில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தேதியில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிற ஊர்கள் இன்றைக்கும் உண்டு. பையனுக்கு அவர் பேரையே வைத்தவர்களும் உண்டு. இறந்தது 1911 மார்ச்சில், பக்கத்து ஊரான கேம்பர்லியில். அந்தக் கேம்பர்லியில்தான் 2022 செப்டம்பரில் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

அவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மேற்கே போய் அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலைக்கு நடுவே ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் செத்து மடிந்த பூமி இது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம். காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது. மலேரியா ஆட்களைக் கொண்டு போனது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்து வைத்தார். கல் சுமந்து, காய்ச்சலில் செத்துப் போன கூலி ஆட்களுக்கு இப்படி ஒரு தோட்டமும் பேர் பொறித்த கல்லும் கிடைக்கவில்லை. அங்கே நின்றபோது அவர்களையும் சேர்த்தே கும்பிட்டுக்கொண்டேன்.

*

"வந்தது வந்தாச்சு, வாய்க்காலையும் பார்த்துட்டுப் போயிருவோம்" என்றான் தோழன்.

நாலு பேர் சொன்ன வழியில் நடந்தால் ஃபிரிம்லி கிரீன் என்ற கிராமம். நடுவில் ஊர்ப் பொதுப் புல்வெளி. அதைத் தாண்டி ஒரு பெரிய பார்க். பார்க்கை ஒட்டி மரங்களுக்கு நடுவே, சத்தமே போடாமல் ஒரு கால்வாய். வாத்துக் குடும்பம் ஒன்று வரிசையாகப் போகிறது. தண்ணீரில் தட்டான்கள். ஓரத்தில் நடைபாதை. அந்தக் காலத்தில் படகைக் கயிறு கட்டிக் குதிரை இழுத்துப் போக போட்ட பாதையாம். இன்றைக்கு அதில் பெரியவர்கள் நாயை இழுத்துக்கொண்டு போகிறார்கள். சில இடத்தில் நாய் அவர்களை.

பேஸிங்ஸ்டோக் கால்வாய் என்று பேர். 1794-ல் முடித்தது. மொத்தம் 37 மைல். சரக்கை லண்டனுக்குக் கொண்டு போகத்தான் வெட்டினார்கள். கொஞ்ச தூரத்தில் டீப்கட் என்ற இடத்தில் 14 தண்ணீர்ப் பூட்டுகள். ஒரு தொட்டி மாதிரி அறைக்குள் படகை விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றினால் படகும் ஏறும். அடுத்த அறை, அடுத்த கதவு. இப்படி மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறக்குறைய 100 அடி ஏறிவிடுகிறது. இன்னொரு இடத்தில் ரயில் தண்டவாளத்துக்கு மேலேயே கால்வாய் போகிறது. நம்ம மாத்தூர் தொட்டிப் பாலம் மாதிரி, ஆனால் குள்ளம். கீழே சவுதாம்ப்டன் எக்ஸ்பிரஸ், மேலே வாத்து.

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் லாப நஷ்டக் கணக்குத்தான் முதலில் தோன்றும். இந்தக் கால்வாயின் கணக்கு பரிதாபமானது. ஒழுங்காக லாபம் என்று ஒன்றைப் பார்த்ததே கிடையாது. 1830-களில் லண்டன்-சவுதாம்ப்டன் ரயில் பாதை போட்டார்கள். அதற்கான சாமான்களைச் சுமந்து கொடுத்தது இதே கால்வாய். அந்த நாலு நாள்தான் வியாபாரம் அமோகம். ரயில் ஓட ஆரம்பித்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. தன் சமாதிக்குத் தானே செங்கல் சுமந்த கதை. 1866-ல் கம்பெனி திவால்!

அப்புறம் கை மாறிக் கை மாறி, 1932-ல் ஒரு சுரங்கம் இடிந்து, 1960-களில் சேறும் செடியும் பழைய சைக்கிளும் கிடக்கிற சாக்கடையாகிவிட்டது. மூடிவிட்டு ரோடு போடலாம் என்று சொல்ல எந்த ஊரிலும் ஆள் இருப்பான்.

இங்கேதான் சார் விஷயம் இருக்கிறது.

1966-ல் அந்த வட்டாரத்து ஜனங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சங்கம் என்றால் நம்ம ஊர் மாதிரி தலைவர், செயலாளர், பொருளாளர், போஸ்டர் என்று முடியவில்லை. சனி, ஞாயிறு ஆனால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை டேபிளில் ஃபைல் பார்க்கிறவன், சனிக்கிழமை இடுப்பளவு சேற்றில் நின்றான். 1970-களில் சர்ரே, ஹாம்ப்ஷயர் இரண்டு கவுன்டி நிர்வாகமும் கால்வாயை வாங்கின. தூர் வார ஒரு பழைய நீராவி இயந்திரத்தைக் கொண்டு வந்தார்கள். அதன் பேரே 'பெர்சிவரன்ஸ்'. தமிழில் சொன்னால் விடாமுயற்சி. அஜித்துக்கு ரொம்ப முன்னால்!

1991 மே மாசம், 51 கிலோமீட்டர் கால்வாய் மறுபடி திறந்தது. சங்கம் ஆரம்பித்து 25 வருஷம். மண்வெட்டியோடு முதல் நாள் வந்த இளைஞன், திறப்பு விழாவுக்கு வழுக்கையோடு வந்திருப்பான். கடைசி சில மைலை மட்டும் மீட்கவில்லை. அந்த இடிந்த சுரங்கத்தில் வௌவால்கள் ஆயிரக்கணக்கில் குடியேறிவிட்டன. அதற்கும் சட்டப் பாதுகாப்பு. வாடகை தராமல் இத்தனை பலமான குடித்தனக்காரரை நான் மதுரையில்கூடப் பார்த்ததில்லை.

ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தக் கால்வாயில் சரக்கு போகவில்லை. வயலுக்கு ஒரு சொட்டுப் பாயவில்லை. அதனால் ஒருத்தனுக்கும் ஒரு படி நெல் கிடைக்காது. கோடை வந்தால் அதற்கே தண்ணீர்ப் பற்றாக்குறை, பூட்டுகளை மூடி வைப்பதும் உண்டு. இத்தனைக்கும் சும்மா கரையில் நடக்க, வாத்து பார்க்க, ஊர் ஊராக இருக்க என்று 25 வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார்கள்.

*

ஊருக்குத் திரும்பியதும் மேலூர்ப் பக்கம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். ஃபிரிம்லி போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்பா, இந்தத் தண்ணி எந்தெந்த ஊருக்குப் பாயுது?"

"எங்கேயும் பாயலை பெரியப்பா. சும்மா படகு போகும்."

"சும்மாவா?" என்றார். நம்பவில்லை. "கரையில ஒரு பாட்டில்கூடக் கிடக்கலையே..."

பெரியப்பாவின் ஆச்சரியத்துக்குக் காரணம் இருக்கிறது. வைகையில் பேரணை என்ற இடத்தில் கிளம்புகிறது நம்ம பெரியாறு பிரதானக் கால்வாய். சிறுமலை அடிவாரமாகவே வந்து, 12 கிளைகளாகப் பிரிந்து, வாடிப்பட்டி, கள்ளந்திரி, மேலூர் என்று போகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், சுமார் 45 ஆயிரம் ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், சுமார் 85 ஆயிரம் ஏக்கர். அணையில் இருப்பு இருந்தால் முதலில் இருபோகத்துக்கு ஜூனில் திறப்பார்கள், ஒருபோகத்துக்குச் செப்டம்பரில். பெரியப்பாவின் வயல் கடைமடை. ஷட்டர் திறந்தாயிற்று என்று லஸ்கர் சொன்ன நாளிலிருந்து, தண்ணீர் தன் வரப்பைத் தொடுகிற நாள் வரைக்கும் அவருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. நடுவழியில் குப்பை அடைத்து மடை நின்றால், கம்பை எடுத்துக்கொண்டு மைல் கணக்கில் நடந்து போய்க் குத்திவிட்டு வருவார். வயசு எழுபதுக்கு மேல்.

நாம் என்ன செய்கிறோம்? அழகர்கோவில் ரோட்டில் கள்ளந்திரிப் பாலம் தெரியும்தானே? தண்ணீர் வந்தால் போதும், மதுரையிலிருந்து பைக்கில் மும்மூன்று பேராகப் போய்க் குதிக்கிறோம். சந்தோஷமான குளியல்தான், குறை சொல்லவில்லை. மரநிழல், பச்சை வயல், தூரத்தில் மலை, குளிர்ந்த தண்ணீர். ஃபிரிம்லிக்கு ஒரு மாற்றும் குறைந்த இடமில்லை. குளித்து முடித்து, பிரியாணிப் பொட்டலம், ஷாம்பூ பாக்கெட், காலி பாட்டில் மூன்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறோம். அது நேரே போய் நிற்கிற இடம் பெரியப்பாவின் மடை. உடைந்த பாட்டில் என்றால், நாற்று நடுகிற பெண்களின் கால்.

இன்னொரு பக்கம் கலர் கலராகக் கொடி கட்டி பிளாட் போர்டு. 'கால்வாய் அருகில், நல்ல நீர்வளம்' என்று விளம்பரம். வயலை மூடி வீட்டைக் கட்டிவிட்டால் அந்தக் கால்வாய் யாருக்கு ஓடும் என்று வாங்குகிறவனும் கேட்பதில்லை, விற்கிறவனும் சொல்வதில்லை. பத்து வருஷம் கழித்து அந்த வீட்டுச் சாக்கடைக்குப் போக்கிடம் அதே கால்வாய்தான்.

பென்னிகுவிக் பேரைச் சொன்னால் நமக்குக் கண் கலங்குகிறது. சிலை வைக்கிறோம், மாலை போடுகிறோம், கடல் கடந்து போய்க் கல்லறையையும் கும்பிடுகிறோம். எல்லாம் சரி. அந்த மனுஷன் விட்டுப் போன சொத்து கேம்பர்லியில் இல்லை, கள்ளந்திரியில் இருக்கிறது. அதில் பாட்டில் போடுகிற கையால் அவருக்கு மாலை போட்டு என்ன பிரயோஜனம்?

தூர் வாருவது, ஷட்டர் பழுது பார்ப்பதெல்லாம் நீர்வளத் துறையின் வேலை. அதை அவர்கள்தான் செய்ய வேண்டும், கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் பாட்டில் பொறுக்க ஜி.ஓ. தேவையில்லை. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் மே மாசம் கால்வாய் காய்ந்து கிடக்கும். ஆபீஸ் கிரிக்கெட் டீமில் 11 பேர் இருப்பீர்கள், பன்னிரண்டாவதாகத் தண்ணீர் கொண்டு வருகிறவரும் உண்டு. ஆளுக்கு ஒரு சாக்கு. வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறிலிருந்து ஒன்பது. வெள்ளைக்காரன் 25 வருஷம் கொடுத்தான், நான் மூன்று மணி நேரம்தான் கேட்கிறேன்.

விசா வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டாம். கள்ளந்திரிப் பாலத்துக்கு வந்து சேருங்கள். சாக்கு நான் கொண்டு வருகிறேன். இட்லியும் என் செலவு. வடை மட்டும் அவரவர் பொறுப்பு.