இலேசும் இரும்பும்

பாரத்தைப் பகையெனக் கொண்டு ஒரு தொழிற்சாலையைக் கட்டியெழுப்பியவர் கொலின் சப்மன். இங்கிலாந்திலே அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனத்தில், காரின் வேகத்தைக் கூட்ட வேண்டுமாயின் பெரிய எஞ்சினைத் தேடி அலைவதிலும் வேண்டாத நிறையைக் களைவதே மேலானது என்ற எண்ணம் ஏறத்தாழ ஒரு சமயக் கோட்பாடு போலப் பேணப்பட்டது. எஞ்சினின் வலிமை நேரான வீதியிலேயே பெரிதும் உதவும். நிறைக் குறைவோ புறப்படும்போதும், வளைவிலே திரும்பும்போதும், பிறேக்கை அழுத்தும்போதும் ஒருங்கே உதவும். 1957 இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இக்கொள்கையின் எலும்புருவம் எனலாம். சப்மன் 1982 இல் காலமானார். கொள்கை அவரோடு மடியவில்லை. 1996 இல் விற்பனைக்கு வந்த எலீஸ் என்னும் கார் ஏறத்தாழ 725 கிலோகிராம் நிறையே உடையது. அலுமினியத் துண்டங்களைப் பசையினால் ஒட்டி ஆக்கப்பட்ட அதன் அடிச்சட்டகத்தின் நிறை 68 கிலோகிராம் மாத்திரமே. நடுத்தர உடல்வாகுடைய ஓர் ஆடவனின் நிறை அது.

சப்மனின் கார்களிலேயே 1968 இல் ஜிம் கிளார்க்கும் 1970 இல் ஜோக்கன் ரின்ற்றும் உயிர் நீத்தனர். இவற்றுக்கு இலேசுதான் காரணம் என்று ஒரு சொல்லிலே தீர்ப்புக் கூறிவிடுதல் நியாயமன்று. ஆயினும் இலேசைப் போற்றியவர்கள் அந்த இரு பெயர்களையும் மறந்துவிட்டுப் பேசுதல் இயலாது.

பிரித்தானியாவிலே 'ட்றாக் டே' என்றொரு வழக்கம் உண்டு. பந்தயச் சுற்றுகள், பந்தயம் இல்லாத நாட்களிலே கட்டணத்துக்குத் திறந்துவிடப்படுகின்றன. எழுதுவினைஞரும் ஆசிரியரும் தச்சரும் தத்தம் கார்களைக் கொண்டுவந்து ஓட்டுகின்றனர். அது போட்டியன்று, நேரம் கணிக்கப்படுவதில்லை, முன்னே செல்பவர் இடம் கொடுத்தாலன்றி முந்துதல் ஆகாது. இச்சுற்றுகளிற் பல இரண்டாம் உலகப் போரின் எச்சங்கள். சில்வர்ஸ்ரோனும் ஸ்னெற்றற்றனும் ஒருகாலத்தில் போர் விமானத் தளங்கள். லோட்டஸ் தொழிற்சாலை அமைந்த ஹெதலும் அத்தகையதே. போர் முடிந்து வெறுமையாகிய ஓடுபாதைகளை மோட்டார்ப் பித்தர் பற்றிக்கொண்டமை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தவின் விமான ஓடுபாதையிலும் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன.

ஸ்னெற்றற்றன் அமைந்த நோர்ஃபோக் மாவட்டத்திலே வாழும் ஒருவனை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நாற்பதை எட்டியவன், பழைய எலீஸ் ஒன்றின் சொந்தக்காரன். மாதம் ஒருமுறை பந்தயச் சுற்றுக்குச் செல்வான். மற்றைய நாட்களில் அதே காரில் வேலைக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்பது வயது மகளைப் பக்கத்து ஆசனத்தில் இருத்திக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வான். காரிலே கூட்டியதையும் குறைத்ததையும் கிலோகிராம் கணக்கில் ஒரு சிறு கொப்பியில் எழுதிவைப்பது அவன் வழக்கம்.

ஒருநாள் அவன் கண்ணெதிரே வேறொரு திறந்த கார் வளைவிலே வழுக்கிப் புற்றரையை அடைந்து, ஈரமண்ணில் சில்லுப் புதைந்து, ஏறக்குறைய சோம்பலாகவே புரண்டு கவிழ்ந்தது. வேகம் பெரிதன்று. ஓட்டியவர் ஊர்ந்து வெளியே வந்து எழுந்து நடந்தார். ஆயினும் அன்றிரவே இவன் உருக்குக் குழாய்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினான்.

படித்தவன் முதலிலே கண்டது யாதெனில், காப்புகள் தனித்து வருவதில்லை என்பதாகும். பந்தயக்காரர் அணியும் தோட்பட்டிகளை அவன் முன்னரே பொருத்தியிருந்தான். வீதிக் கார்களின் சாதாரண ஆசனப் பட்டி, கார் கவிழ்ந்து மேற்புறம் நசியும்போது உடல் சற்றுச் சரிவதற்கு இடம் விடும். தோட்பட்டிகளோ உடலை நிமிர்த்தியே கட்டிவைக்கும்; கவிழ்ந்த காரிலே நிலத்தைச் சந்திக்க முற்படுவது தலை. எனவே பட்டியை அணிந்தவனுக்குத் தலைக்கு மேலாக உயர்ந்த வளையம் வேண்டும். வளையம் வந்தபின் அதிலே மோதாதிருக்கத் தலைக்கவசம் வேண்டும். கவசம் அணிந்தவுடன் தலை இன்னும் உயர்ந்துவிடுகிறது. வளையமும் உயர வேண்டும். எலீசின் ஆசனங்களுக்குப் பின்னே தொழிற்சாலையே வைத்த ஒரு வளையம் உண்டு. அது வீதியை எண்ணி வைக்கப்பட்டது. கவசத்தோடு அமர்ந்த இந்த உயரமான மனிதனை எண்ணியன்று.

பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதிகள் இவ்விடயத்தில் மிகக் கண்டிப்பானவை. பிரதான வளையத்துக்கு, மூட்டின்றிக் குளிர்நிலையில் இழுக்கப்பட்ட உருக்குக் குழாய் 45 மில்லிமீற்றர் விட்டமும் 2.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டிருத்தல் வேண்டும். அதனைச் சூடாக்காமலே வளைத்தல் வேண்டும். வளைவின் ஆரை விட்டத்தின் மும்மடங்கிற் குறைதல் ஆகாது. பின்னே முட்டுக்கொடுக்கும் குழாய்கள் நிலைக்குத்திலிருந்து 30 பாகையேனும் சரிந்திருத்தல் வேண்டும். காரணம் எளிது. முட்டில்லாத பந்தற்கால் எவ்வளவு தடித்ததாயினும் ஒருபுறம் சரியும். நாற்கோணம் நெரியும், குறுக்கே ஒரு மூலைக்குழாய் இட்டால் அது இரண்டு முக்கோணங்களாகி நெரியாது நிற்கும். அழகுக்காக விற்கப்படும் மினுக்கிய வளையங்களிலே இந்த முட்டும் இல்லை, மூலைக்குழாயும் இல்லை. அவற்றை நம்பி ஒருவன் வேகமாக ஓட்டுவானாயின் வளையமே இல்லாதிருத்தல் நன்று. அச்சமாவது அவனைக் காக்கும்.

பின்வளையம் மட்டும் போதுமா என்ற வினா அடுத்தெழுந்தது. ஃபோர்முலா 1 கார்களுக்கு இத்தகைய வளையம் 1961 இலேயே கட்டாயமாக்கப்பட்டது. எனினும் 2022 ஜூலையில் சில்வர்ஸ்ரோனில் சோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கிச் சென்றபோது, தலைக்குப் பின்னிருந்த அமைப்பு முறிந்தே போயிற்று. அவரைக் காத்தது, 2018 இல் புகுத்தப்பட்டபோது அழகற்றதெனப் பலராலும் பழிக்கப்பட்ட 'ஹேலோ' என்னும் முன்காப்பு. இதனை அறிந்தபின் அவன் முழுக்கூடே வேண்டுமெனத் துணிந்தான். முன்கண்ணாடியின் இரு மருங்கிலும் எழுந்து, கதவுகளின் மேலாகப் பின்வளையம் வரை செல்லும் குழாய்களையும் சேர்த்தே முழுக்கூடு.

உருக்கு உடலுடைய காராயின் கூட்டின் பாதங்களைத் தளத்தோடு வெல்டிங் செய்துவிடலாம். எலீசில் அது நடவாது. பசையினால் ஒட்டிய அலுமினியம் அது. வெல்டிங்கின் வெப்பம் பட்டால் ஒட்டு வலுவிழக்கும். உயிரைக் காக்கும் கூட்டை வைக்கப்போய்க் காரின் முதுகெலும்பையே இழக்க நேரிடும். எனவே எல்லாவற்றையும் போல்ற்றினால் இறுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு பாதத்துக்கும் குறைந்தது மூன்று போல்ற்றுகள். மோதலின் விசை ஓரிடத்தைத் துளைத்துச் செல்லாது பரவும்பொருட்டு 3 மில்லிமீற்றர் தடிப்பும் 120 சதுர சென்ரிமீற்றர் பரப்பும் உள்ள தகடு. அத்துடன் உருக்கும் அலுமினியமும் ஈரத்திலே நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலத்தில் நிகழ்வது போன்ற தாக்கம் ஏற்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். இடையிலே காப்புப் படலம் இட வேண்டும். இவற்றையெல்லாம் கற்றுத் தெளிந்த பின்னரும், அந்த மெல்லிய சட்டகத்திலே முதல் துளையை இடுவதற்கு அவன் ஒரு மாலை முழுவதும் தயங்கினான்.

பின்னர் நிறைக் கணக்கு. அக்குழாயின் ஒரு மீற்றர் ஏறத்தாழ 2.6 கிலோகிராம். பன்னிரண்டு மீற்றர் சென்றது எனின் 31 கிலோகிராம். அதிலும் பெரும்பகுதி தலைமட்டத்துக்கு அருகே, காரின் புவியீர்ப்பு மையத்தை உயர்த்தும் இடத்திலே. கொப்பியில் எண்ணை எழுதியபோது அவன் ஒன்றைக் கவனித்தான். சென்ற மாதம் பாடசாலையில் நிறுத்தபோது மகளின் நிறையும் அவ்வளவே.

கூடு பொருத்தி முடிந்த ஞாயிறன்று மகள் வழக்கம்போல உயர்ந்த பக்கச் சட்டத்தைத் தாண்டி, இப்போது குறுக்கே வந்துவிட்ட குழாயின் கீழாகக் குனிந்து, தன் ஆசனத்திலே போய் அமர்ந்தாள். புதிய குழாய்களை விளையாட்டுப் பூங்காவின் ஏணியைப் போலப் பற்றிப் பார்த்தாள். அவன் அவளுடைய தலைக்கும் குழாய்க்கும் இடையே கையை வைத்தான். நான்கு விரல் இடைவெளி. குழாயின்மேல் நுரைத் திண்டு சுற்றப்பட்டிருந்தது. ஆனால் அது கடினமான திண்டு, கவசம் அணிந்த தலைக்கென ஆக்கப்பட்டது. வீதியிலே எவரும் கவசம் அணிந்து கார் ஓட்டுவதில்லை. சந்தியொன்றிலே பின்னிருந்து ஒரு வான் மெல்ல மோதினாலும், சாதாரணப் பட்டி அணிந்த பிள்ளையின் தலை நான்கு விரல் தூரத்தை எளிதிற் கடந்துவிடும்.

முன்குழாய்களைக் கழற்றி மாட்டக்கூடியனவாகச் செய்யலாம் என்று நண்பர்கள் கூறினர். செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு சனியும் மாட்டி ஒவ்வொரு ஞாயிறும் கழற்றும் போல்ற்று என்றோ ஒருநாள் முற்றாக இறுக்கப்படாதிருக்கும் என்பதை அவன் தன்னைப் பற்றி அறிந்திருந்தான். தந்தை இன்னும் எஞ்சினை முடுக்காதிருப்பது ஏன் என்று அவள் கேட்டாள். வீட்டின் மற்றக் காரிலே போவோம் என்று கூறி இறக்கிவிட்டான். அந்தக் காருக்குக் கூரை உண்டு. காற்று வராது என்று அவள் முறையிட்டாள்.

அடுத்த கிழமை எலீசின் பக்கத்து ஆசனத்தை அவன் கழற்றி எடுத்தான். அவ்விடத்திலே தீயணைக்கும் உருளை ஒன்றைப் பொருத்தினான். உருளையின் நிறையைக் கொப்பியிலே எழுதினான். ஆசனத்தைக் கழற்றியதனாற் குறைந்த நிறையை எழுதவில்லை.