இருளிற் புகுந்த குதிரைகள்

நெடுங்காலம் பலரும் கண்டு மகிழ்தற்பொருட்டே கலைஞர் உழைப்பர் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள கருத்து. அக்கருத்தை ஐயுறச் செய்வன, சீன தேசத்தில் தாங் வமிசத்தார் ஆண்ட காலத்து (கி. பி. 618–907) மட்குதிரைகள்.

இலண்டன் நகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையில் அவற்றுள் இரண்டை யாம் கண்டோம். கி. பி. 728-இல் இறந்த லியூ திங்சுன் என்னும் படைத்தலைவருடைய கல்லறைக்குரியனவாகக் கூறப்படும் 13 உருவங்கள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. காவற்றெய்வங்கள், அதிகாரிகள், ஒட்டகங்கள், பாகர் ஆகியோரிடையே அக்குதிரைகள் உள்ளன.

இவற்றைச் செய்த முறை வியக்கத்தக்கது. உறுப்புக்களைத் தனித்தனி அச்சில் வார்த்து, குழைத்த களிமண்ணால் இணைத்து, ஒருமுறை சுடுவர். பின்னர் ஈயங்கலந்த மெருகினைப் பூசி, முன்னினும் குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவர். செம்பு பச்சை நிறத்தையும், இரும்பு தேனிறத்தையும் தரும். சூளையில் மெருகு உருகித் தன் போக்கில் வழிதலால், ஓரச்சிற் பிறந்த குதிரைகளும் நிறத்தால் ஒன்றையொன்று ஒவ்வா. சீனர் இதனைச் ‘சான்சாய்’, அஃதாவது முந்நிறம், என்பர்.

மத்திய ஆசியாவினின்று வந்த உயர்ந்த குதிரைகள் அக்காலத்துச் செல்வர்க்குப் பெருமை தந்தன. வாழுங்கால் குதிரையேறியவர் மறுமையிலும் ஏறவேண்டும் என்று சுற்றத்தார் விரும்பினர். அடக்கத்தின்போது ஊரார் சிறிது பொழுது கண்டிருப்பர். அதன்பின் கல்லறை வாயில் அடைபட்டது. அச்சிறு பொழுதிற்காகவோ, விடைத்த மூக்கையும், திரண்ட தசையையும், சேணத்தின் மடிப்பையும் குயவன் அத்துணை நுட்பமாய் அமைத்தான்?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோயாங் நகரத்தருகே இருப்புப்பாதை அமைத்தபோது பழங்கல்லறைகள் பல வெட்டுண்டன. அவற்றிலிருந்த உருவங்கள் விலைப்பொருளாகிக் கடல் கடந்தன. யாம் கண்ட தொகுதி 1936-இல் அக்காட்சிச்சாலையை அடைந்தது. இறந்தோர்க்கென்று மூடிய வாயில்கள் திறந்தமையாலன்றோ இக்கலையின் அழகை நாம் அறிந்தோம்! இதனை நினைக்குங்கால் எம் மகிழ்ச்சியில் ஒரு கூச்சமும் கலந்தது. அஃது இன்னும் நீங்கவில்லை.

ஆயினும் மாணவ நண்பர்களே, ஒன்று மாத்திரம் எமக்கு ஐயமின்றி விளங்கிற்று. பெயரறியாத அக்குயவன், பார்ப்பார் எத்துணையர், எத்துணை நாள் பார்ப்பர் என்று எண்ணித் தன் தொழிலை அளந்து செய்யவில்லை. குதிரை குதிரையாய் நிற்றல் வேண்டும். அஃதொன்றே அவன் கருதியது.