கேனிஸ்டரில் மிச்சம்

சோஃப்னோலைம் 797. விட்ட மூச்சையே சுத்தம் செய்து முக்குளிப்பவருக்குத் திரும்பத் தரும் ரீபிரீதர் கருவியின் கேனிஸ்டரில் நிரப்பும் சோடா லைம். வெள்ளைக் குருணை. 1 முதல் 2.5 மி.மீ.

பெரும்பகுதி நீறிய சுண்ணாம்பு. கொஞ்சம் காஸ்டிக் சோடா. மீதி தண்ணீர்.

அந்தத் தண்ணீர் சும்மா இல்லை. விட்ட மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு முதலில் ஈரத்தில் கரையணும். காய்ந்த குருணை உள்ளே இருந்தும் பயனில்லை.

வெள்ளையடித்த சுவர் கெட்டிப்படுவதும் இதே வினைதான். சுவர் அவசரப்படுவதில்லை. ரீபிரீதர் மாட்டியவருக்கு அடுத்த மூச்சுக்குள் நடந்தாகணும்.

குருணை வேலை செய்யும்போது சூடாகும். மூச்சு நுழையும் பக்கம் தொடங்கி, அந்தச் சூடு மெல்ல மறுமுனைக்கு நகரும். கடந்து வந்த பக்கம் தீர்ந்த குருணை. போகப்போகிற பக்கம் புதுசு.

ஆகவே பாதி ஓடியதைக் கொட்டித் திரும்ப நிரப்பவே கூடாது. தீர்ந்ததும் புதுசும் கலந்துவிடும். எது எங்கே இருக்கிறதென்று பிறகு யார் சொல்வது?

வைப்பதானால் கேனிஸ்டரோடு, அசைக்காமல்.

சைமன் மிட்செல் குழுவினர் 2018-ல் வெளியிட்ட சோதனை. 2.64 கிலோ நிரப்பி, 90 நிமிடம் ஓட்டி, கழற்றி வைத்தார்கள். சிலவற்றைத் திறந்தபடி 28 நாள். சிலவற்றைக் காற்றை உறிஞ்சி பிளாஸ்டிக் பையில் மூடி 28 நாள். சிலவற்றைத் திறந்தபடி ஒரே இரவு.

மறுபடி மாட்டி ஓட்டினார்கள். மொத்தம் ஓடியது, அதே வரிசையில், சராசரியாக: 188 நிமிடம். 241. 239.

ஒரு மாதம் மூடிக் கிடந்ததும் ஓர் இரவு திறந்து கிடந்ததும் ஏறக்குறைய ஒன்று. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு மாதம் திறந்தே கிடந்ததில் 50 நிமிடத்துக்கு மேல் காணோம். தண்ணீருக்கு அடியில் 50 நிமிடம்.

இந்தச் சோதனை மேசைமேல், இயந்திரம் விட்ட மூச்சில் செய்தது. குளிர்ந்த நீரில் சுண்ணாம்பு இன்னும் சீக்கிரம் கைவிடும்.

மூச்சைச் சுத்தம் செய்யும் வேலை பழையது. 1880. பிரிட்டனில் செவர்ன் சுரங்கத்துக்குள் வெள்ளம். அலெக்சாண்டர் லாம்பர்ட், ஹென்றி ஃப்ளூஸின் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மூச்சைச் சுத்தம் செய்தது காஸ்டிக் பொட்டாஷில் நனைத்த கயிற்று நார்.

ஆபரேஷன் தியேட்டரில் மயக்கமருந்து இயந்திரத்துச் சோடா லைம் தீரத் தீர ஊதாவாகும். ஓய்வாக விட்டால் நிறம் வெளுக்கும். போன பலம் அப்படித் திரும்புவதில்லை. வெள்ளையாக இருக்கிறதே என்று நம்பியவர்கள் உண்டு.

இந்தக் கேனிஸ்டரே இல்லாத ரீபிரீதரில் 5 நிமிடம் மூச்சுவிடச் சொல்லியும் ஒரு சோதனை நடந்தது. சிலர் கோளாறை உணரவில்லை.

கண் சொல்லாது. மூச்சும் எல்லாருக்கும் சொல்லாது.

கேனிஸ்டர்மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். பேனாவில் தேதி, ஓடிய நிமிடம். அவ்வளவு விலையுள்ள கருவியில் நான் அதிகம் நம்புவது அந்த எழுத்தைத்தான்.

சுண்ணாம்புக்கும் காசாகிறது. மிச்சம் பிடிப்பதில் தப்பில்லை.

ஆனால் டேப் இல்லாத கேனிஸ்டர் கைக்கு வந்தால், யார் தந்திருந்தாலும், கொட்டிவிட்டுப் புதுசு நிரப்புங்கள்.