பாட்டனார் வீடு

எழுமலையில் எங்கள் பாட்டனார் கட்டிய செங்கல் வீட்டை இடித்துவிடுவதென்று சகோதரர்கள் மூவரும் முடிவு செய்திருந்தோம். அடுப்படிச் சுவர் இடுப்பளவுக்கு ஈரம் ஊறி, பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு மட்டும் மனமில்லை. திரு இருதய ஆண்டவர் படம் அறுபது ஆண்டுகளாக மாட்டியிருக்கும் சுவர் அல்லவா!

அந்நாட்களில் ஒரு வேலையாக மதுரைக்குச் சென்ற நாங்கள், திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்தோம். 1636-ஆம் ஆண்டில் எழுந்த அம்மாளிகையின் சொர்க்க விலாசத்தில் அண்ணாந்து நின்றோம். அத்துணைப் பெரிய குவிமாடத்தை மர உத்திரமோ இரும்போ தாங்கவில்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே தாங்குகின்றன. மன்னரின் பேரர் சொக்கநாதர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது மாளிகையின் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சென்றாராம். எஞ்சியதைப் பழுதுபார்த்தவர், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு. பாட்டனார் கட்டியதைப் பேரன் பெயர்த்தார் என்று கேட்டபோது, நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் முதிய கொத்தனார் ஒருவரை அழைத்தோம். சுவரைச் சுரண்டிப் பார்த்தவர், “யாருங்கய்யா இதுல சிமிட்டி பூசச் சொன்னது?” என்றார்.

நாங்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன், ஈரத்தைத் தடுப்பதாக எண்ணிச் செய்த காரியம் அது. பழஞ்சுவர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது இயல்பு. சுண்ணாம்புப் பூச்சு அந்நீரை வெளியே உலரவிடும்; சிமிட்டி அடைத்துவிடும். வழியற்ற ஈரம் மேலேறி, உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்கும். வீடு முதுமையால் நோயுறவில்லை. எங்கள் வைத்தியத்தால் நோயுற்றது.

மேல்தளத்தில் குறையே இல்லை. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்துப் பெண்கள் நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. இன்று அப்படி அடிக்க ஆளேது?

சிமிட்டியைக் கொத்தி எடுத்து, கோடை முழுதும் சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். செலவு, சொல்லாமலிருப்பதே நலம்.

ஐப்பசி மழை வந்து போயிற்று. ஈரம் கணுக்காலளவோடு நின்றுவிட்டது. மூத்த அண்ணன் மட்டும் நம்பிக்கையின்றி, இன்றும் அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.