மே மாதத்தில் ஹீட்டர்

நாட்றம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனி கட்டவிருந்த அலுவலகத்துக்கும் தோல் ஆய்வகத்துக்கும் ஏசி செலவைக் கணித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. கட்டடத்தைக் கணினிக்குள் கட்டி, ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான எனர்ஜிபிளஸ் மென்பொருள் தந்த அட்டவணையில் குளிரூட்டும் செலவு நான் நினைத்ததைவிட மிக அதிகம். பக்கத்திலேயே சூடேற்றும் செலவு, அதுவும் மே மாதத்தில். ஏலகிரி அடிவாரத்தில், கத்திரி வெயிலில், எந்த அறைக்கு ஹீட்டர் வேண்டும்?

முதல் சந்தேகம் வானிலைக் கோப்பின் மேல். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. நான் எடுத்திருந்தது பெங்களூர்க் கோப்பு. ஆனால் வெளிக்குளிரால் ஹீட்டர் ஓடினால் மார்கழி விடியலில்தான் ஓடும். இது மே மாதப் பிற்பகல் மூன்று மணிக்கும் ஓடியது. அடுத்து செட்பாயின்ட்: சூடேற்ற 22 டிகிரி, குளிர்விக்க 24. இவை தலைகீழாக இருந்தால் மென்பொருளே பிழை சொல்லிவிடும். சொல்லவில்லை.

அதனால் மொத்தக் கணக்கை மூடிவிட்டு, ஒவ்வொரு அறைக்கும் மணிவாரி எண்களை எடுத்தேன். கூட்ட அறையில் விஷயம் தெரிந்தது. மூன்று மணிக்கு உள்ளே ஆளே இல்லை. ஆனாலும் அந்த அறைக்கு வரும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டாம்பர் 30 சதவீதத்துக்குக் கீழே மூடாது. 13 டிகிரிக் காற்று வந்துகொண்டே இருக்கிறது. அறை 22-க்கு இறங்கியதும் ரீஹீட் காயில் விழித்துக்கொள்கிறது. குளிர்வித்த காற்றையே காசு கொடுத்துச் சூடாக்குகிறோம். அந்த 30 சதவீதம் யாரும் யோசித்துப் போட்டதல்ல, மாதிரி வார்ப்பிலிருந்து தானாக வந்த எண். காயிலை மட்டும் நீக்கியிருந்தால் அட்டவணையில் சூடேற்றம் பூஜ்யமாகியிருக்கும், அறையில் உட்கார்ந்தவர் நடுங்கியிருப்பார். குறைந்தபட்சக் காற்றைத் தூய காற்றுக்குத் தேவையான அளவுக்கு இறக்கி, வெப்பச்சுமை குறையும்போது வரும் காற்றின் குளிரையும் தளர்த்தினேன். இரண்டு செலவும் சேர்ந்தே இறங்கின.

ஆய்வகத்தில் மட்டும் ஹீட்டர் அசையவில்லை. கம்பெனியின் பழைய ஆய்வகத்தில் தோலை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தருகே நின்றிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அதை எடுத்துடாதீங்க சார். ஈரம் ஏறினா ரிசல்ட்டே மாறிடும். பையர் ஒத்துக்க மாட்டாங்க."

தோல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், விடும். அதற்கேற்ப அதன் வலுவும் நீட்சியும் மாறும். அதனால்தான் ஐஎஸ்ஓ 2419 தரம் 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்று ஒரு காற்றுநிலையை வகுத்திருக்கிறது. அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 12 டிகிரி. ஈரத்தைப் பிழிந்தெடுக்கக் காற்றை அதுவரை குளிர்வித்தே ஆக வேண்டும். அதை அப்படியே உள்ளே விட்டால் ஆளும் இயந்திரமும் குறைவான அந்த அறை 23-ல் நிற்காது. ஆகவே மறுபடி சூடாக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் வேரைத் தேடிப் போனால் நவீன ஏசியின் பிறப்பிலேயே போய் நிற்கிறோம். 1902-ல் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் காகிதம் விரிந்து வண்ணங்கள் விலகின. அதைத் தீர்க்க வந்த வில்லிஸ் கேரியருக்கு அப்போது வயது 25. ஆட்களுக்குக் குளிர்ச்சி தருவது நோக்கமல்ல, காகிதத்தின் ஈரத்தை அடக்குவதே நோக்கம். பனிநிலையைப் பிடித்துக் காற்றை ஆளும் முறை அந்த வழியில் வளர்ந்தது. மின்சாரம் மலிவாக இருந்த காலத்தில் அலுவலகங்களும் ரீஹீட்டைத் தாராளமாகப் பயன்படுத்தின. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் கடிவாளம் வந்தது. நம் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-ல் வந்தபோது, சூடேற்றலுக்கும் குளிர்வித்தலுக்கும் நடுவே இரண்டும் ஓயும் 3 டிகிரி இடைவெளியைக் கேட்டது. என் மாடலில் இருந்ததோ 2 டிகிரி. அலுவலகத்துக்கு அதையும் திருத்தினேன்.

ஆய்வகத்தை மையக் குழாயிலிருந்து பிரித்து, தனிச் சிறு இயந்திரம் கொடுத்தேன். கன்டென்சர் வெளியே தள்ளும் வெப்பத்தையே ரீஹீட்டுக்குத் திருப்பினேன். அந்த அறைக்கு ஹீட்டர் மின்செலவு ஏறக்குறைய மறைந்துவிட்டது. காற்று இப்போதும் 12 டிகிரிக்கு இறங்கி 23-க்கு ஏறுகிறது.