கப்பலுக்கு இட்ட வேலி

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் பலர் எழுதுவதுபோல விடுதி வாழ்வையோ விளையாட்டரங்கையோ பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆயின் அவற்றை என்னிலும் நயம்பட எழுதவல்லார் பலர் உளர். முப்பத்தோராண்டு காலம் வணிகக் கப்பல்களின் இயந்திர அறையிலே கழித்த ஒருவன் எழுதத்தக்கது கப்பலைப் பற்றியே ஆகும். அதிலும், கப்பலைக் கரைக்கு வரவிடாது மறிப்பது எவ்விடத்து நியாயமாகும் என்பதைச் சற்று ஆராயலாமெனத் தோன்றிற்று. கப்பலால் உண்டு உடுத்தவன் அதனை மறிப்பதற்குப் பரிந்து பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கப்பலோடு நெடுங்காலம் வாழ்ந்தவனுக்கே அதன் குற்றங்களும் தெரியும்.

2025ஆம் ஆண்டு மே மாதத்திலே, கனடாவில் வாழும் என் மகளின் குடும்பத்தாரோடு கலாபாகசுத் தீவுகளைக் காணும் பேறு எனக்கு வாய்த்தது. தென்னமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவில், பசிபிக்குப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் எரிமலைத் தீவுக் கூட்டம் அது. ஈக்குவதோர் நாட்டுக்கு உரியது. 1835ஆம் ஆண்டிலே சாள்ஸ் டார்வின் ‘பீகிள்’ என்னும் கப்பலில் வந்து ஐந்து கிழமைகள் தங்கிச் சென்ற இடம். எங்கள் விலங்கியல் ஆசிரியர் அத்தீவுக் குருவிகளின் அலகுகளைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து காட்டிய பாடத்தை அக்கால மாணவர் மறந்திரார். வரைந்து முடிந்ததும் கையிலுள்ள வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டு, “இதை நேரிற் பார்க்கப் போகிறவன் உங்களில் ஒருவன் இருக்கிறான்” என்பார். ஒவ்வோராண்டும் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் அவ்வாறே கூறினார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

அத்தீவுகளுக்கு நேர்ந்த துன்பங்களுட் பெரும்பாலானவை கப்பலேறி வந்தவையே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே தரித்துச் சென்றன. குளிர்சாதனம் இல்லாத காலம். கடலிலே புத்திறைச்சி கிடைப்பதரிது. கலாபாகசின் பேராமையோ உணவும் நீருமின்றிப் பல மாதங்கள் உயிர் தாங்க வல்லது. மாலுமிகள் அவற்றை மலைச்சரிவிலிருந்து சுமந்து வந்து, கப்பலின் அடித்தட்டிலே உயிரோடு அடுக்கிவைத்து, வேண்டியபோது ஒவ்வொன்றாக அறுத்து உண்டனர். இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டவை ஓர் இலட்சத்துக்குக் குறையா என அறிஞர் மதிப்பிடுவர். சரக்கறையில் இடம் வீணாகாமற் பொருள் அடுக்கும் முறையை நான் நன்கறிவேன். ஆகவே அந்த அடுக்கு என் மனக்கண்முன் மிகத் தெளிவாக எழுந்தது. அப்படி அறிந்திருப்பதிலே பெருமையொன்றும் இல்லை.

ஆமைகளை எடுத்துச் சென்றதோடு அமையவில்லை. பின்வந்தோர் ஆடுகளையும் எலிகளையும் விட்டுச் சென்றனர். பிந்தா என்னும் தீவிலே 1959ஆம் ஆண்டில் மீனவர் விட்டவை மூன்று ஆடுகள் என்பர். சில ஆண்டுகளுள் அவை பல்லாயிரமாய்ப் பெருகிப் பசுமை அனைத்தையும் மேய்ந்தன. அத்தீவின் ஆமையினத்திற் கடைசியாக எஞ்சிய ஒன்று, ‘தனியன் சோர்ச்சு’ என்று உலகம் அழைத்த முதிய ஆமை, 2012ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி இறந்தது. இன்னும் சிறியதொரு பகைவனும் உண்டு. டார்வினின் குருவிக் குஞ்சுகளின் குருதியைக் கூட்டிலேயே குடித்துக் கொல்லும் புழுவையுடைய ஓர் ஈ மனிதனோடு வந்து சேர்ந்தது. 1964ஆம் ஆண்டில் திரட்டிய பூச்சிகளிடையே அது இருந்தது. கூடுகளில் அதன் கொடுமையை ஆராய்ச்சியாளர் கண்டதோ 1997இலேதான்.

இவற்றை அறிந்த பின்னர், அந்நாட்டார் கப்பலுக்கு இட்டிருக்கும் வேலி எனக்குச் சிறிதும் மிகையாகத் தோன்றவில்லை. தீவுகளின் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு 1959 முதல் தேசியப் பூங்காவாகும். 1998ஆம் ஆண்டுச் சிறப்புச் சட்டத்தின் பின் சூழ்ந்த கடலும் காவலுக்குட்பட்டது. ஆயிரம் இரண்டாயிரம் பேரை ஏற்றிவரும் பெரிய உல்லாசப் பயணக் கப்பல்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு கப்பலில் நூறு பிரயாணிகளே உச்ச அளவு. பெரும்பாலானவை எங்கள் கப்பலைப் போலப் பதினாறு பேரைக் கொள்பவை. பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது விதி. பூங்காவின் அனுமதி பெற்ற வழிகாட்டியின்றி எவரும் கரையிறங்கலாகாது. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கரையில் ஆளிருத்தல் கூடாது. முளையடித்துக் குறித்த ஒற்றையடிப் பாதையை விட்டு விலகுதலும் கூடாது. விலங்குக்கும் மனிதனுக்குமிடையே இரண்டு மீற்றர் இடைவெளி வேண்டும்.

இவற்றிலும் நுட்பமான விதியொன்று 2012ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முன் கப்பல்கள் கிழமைக்கொரு முறை ஒரே வட்டத்தைச் சுற்றி, பெயர்பெற்ற இடங்களிலே எல்லாம் ஒருங்கு கூடின. இப்பொழுது ஒரு கப்பல் ஓரிடத்துக்குச் சென்றால், பதினான்கு நாள் கழியுமுன் அவ்விடத்துக்கு மீளலாகாது. இதன் பொருளை நம்மவர்க்கு விளக்குதல் எளிது. நல்லூர்த் தேரன்று வீதியில் நெரிசல் உண்டாவது அடியார் தொகையால் மட்டுமன்று. எல்லாரும் ஒரே வேளையில் ஒரே வீதியில் நிற்பதாலேயே ஆகும். ஆளை எண்ணுவதோடு நில்லாது, இடத்தையும் நாளையும் பங்கிட்டு வைத்தவர் எவரோ, அவர் நல்ல கணக்கர்.

கப்பலின் அடிப்பாகத்தையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. வெளியிலிருந்து வரும் கலங்களின் அடியைச் சுழியோடிகள் மூழ்கிப் பார்க்கின்றனர். சிப்பியும் பாசியும் ஒட்டியிருப்பின், காவற்கடலுக்கு வெளியே சென்று துப்புரவாக்கி வருமாறு திருப்பியனுப்புவர். என் சேவைக்காலத்திலே அடிப்பாசி என்பது எரிபொருட் செலவைக் கூட்டும் ஒரு தொல்லை மட்டுமே. அது போய் ஒட்டிக்கொள்ளும் புதுக்கரையைப் பற்றி நான் பணியாற்றிய துறைகளில் ஒருவரும் வினவியதில்லை. இரவிலே எங்கள் மேற்றட்டு விளக்குகளைத் தணித்துவிட்டனர். காரணம் வினவினேன். ஒளியை நாடி ஏறும் பூச்சி மறுநாள் வேறொரு தீவில் இறங்கிவிடும் என்றார் தலைமை மாலுமி. ஒரு தீவின் மண் மறுதீவுக்குச் செல்லாதவாறு, தோணியேறுமுன்னும் இறங்கிய பின்னும் பாதணிகளைக் கழுவினோம். என் பேர்த்தி அதனை எண்ணி வந்தாள். ஐந்து நாளில் முப்பத்தெட்டு முறையாம்.

எசுப்பனோலா என்னும் தீவு, நமது நெடுந்தீவிலும் சற்றே பெரியது. ஆல்பற்றோசுப் பறவைகளுள் ஓரினம் ஏறத்தாழ முழுவதுமாக இந்த ஒரு தீவிலேயே முட்டையிடுகின்றது. ஏனைய மாதங்களைக் கடலிற் கழித்துவிட்டுச் சித்திரை மாதமளவிலே அங்கு திரும்பும். சிறகு விரித்தால் இரண்டு மீற்றருக்கு மேல் வரும் அப்பறவை தரையில் நடப்பதைக் கண்டால் சிரிப்பு வரும். வயலில் முதன்முறை இறங்கிய பட்டணத்தான் நடை. ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று, அலகோடு அலகு மோதி, தலையைச் சாய்த்து, மேல்நோக்கி, வாயை அகலத் திறந்து ஆடும் கூத்தை நாங்கள் பாதையிலே நின்று பார்த்தோம். அவை எங்களைப் பொருட்படுத்தவேயில்லை. மனிதனுக்கு அஞ்சாத உயிரைக் காணுதல் ஒருவகை நாணத்தை உண்டாக்குகின்றது. அவ்வச்சமின்மையாலன்றோ முன்னாளில் ஆமைகள் தோணியில் ஏற்றப்பட்டன!

மாலையில் என் பேர்த்தி, “அம்மப்பா, நாளைக்கும் இங்கேயே வருவமோ?” என்றாள். வழிகாட்டியிடம் கேட்டேன். பதினான்கு நாளைக்கு இக்கப்பல் இங்கு வரமுடியாது என்றார். பணம் கூட்டிக் கொடுத்தாலுமோ என்று மருமகன் பாதி விளையாட்டாக வினவினார். கொடுத்தாலும் முடியாது என்ற விடையைக் கேட்டுப் பிள்ளை முகம் வாடினாள். எனக்கோ நெடுநாளைக்குப் பின் ஒரு நல்ல விடையைக் கேட்ட மகிழ்ச்சி.

நிற்க. சிறிய கப்பல் தீங்கற்றது என்று எவரும் எண்ணலாகாது. 2001ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி, எரிபொருள் கொணர்ந்த ‘யெசிக்கா’ என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறித்தோபல் தீவின் துறைமுகப்பிலே தரைதட்டி உடைந்தது. அதிலிருந்த கனவெண்ணெய் உல்லாசப் பயணக் கப்பலொன்றின் தேவைக்காகக் கொணரப்பட்டதாகும். காற்றும் நீரோட்டமும் எண்ணெயின் பெரும்பகுதியை வெளிக்கடலுக்குத் தள்ளிச் சென்றமையால், பெருங்கேடு விலகியதென ஆறுதல் கொண்டனர். ஆயின் சாந்தா பே என்னும் தீவிலே, கடற்பாசியை மேய்ந்து வாழும் இக்குவானாக்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டு அடுத்த ஆண்டுக்குள் மடிந்தன என்பதை ஆராய்ச்சியாளர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாசியைச் செரிப்பிக்கும் குடல் நுண்ணுயிர்களை எண்ணெயின் சிறு எச்சம் அழித்திருக்கலாம் என்பது அவர்தம் ஊகம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இவ்வளவு செய்யுமாயின், எண்ணெய்த் தாங்கியோடு வரும் ஒவ்வொரு கலத்தையும் எண்ணிப் பார்த்தே உள்ளே விடவேண்டும்.

இனி, என் மனத்தை உறுத்தும் செய்தியைச் சொல்ல வேண்டும். கப்பலுக்கு இட்ட வேலி உறுதியானது. கப்பல்களின் மொத்தப் படுக்கைத் தொகைக்கும் வரம்பு உண்டு. ஆயின் விமானத்தில் வந்திறங்கி, ஊர்களிலுள்ள விடுதிகளில் தங்குவோர் தொகைக்கு அத்தகைய இறுக்கமான வேலி இல்லை. 1990ஆம் ஆண்டில் தீவுகளுக்கு வந்தோர் ஏறத்தாழ 41,000 பேர். 2023இல் 3,29,000க்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் கப்பலில் உறங்குபவரல்லர். அவர்களுக்கும் சோறு வேண்டும், நீர் வேண்டும், கழிவகற்ற வேண்டும். அத்தனைக்கும் சரக்குக் கப்பல் வரவேண்டும். முன்கதவுக்குத் தாழிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்ததுபோல் இருக்கின்றது.

2024ஆம் ஆண்டு ஓகத்து முதல் அயல்நாட்டவர்க்குப் பூங்காக் கட்டணம் 100 டொலரிலிருந்து 200 டொலராக உயர்ந்தது, சிறுவர்க்குப் பாதி. கட்டணத்தைக் கூட்டித் தொகையைக் குறைக்கலாம் என்பார் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. சிறிய கப்பலின் செலவு முன்னரே மலையளவு. மகளின் உதவியன்றி நான் அதிற் கால் வைத்திருக்க முடியாது. அலகுகளை வரைந்து காட்டிய ஆசிரியரோ இந்தியாவுக்கு அப்பால் எந்நாடும் கண்டிலர். கட்டணம் மட்டுமே வாயில் காக்குமாயின், குருவியை அறியாத செல்வன் உள்ளே செல்வான். அறிந்த ஆசிரியன் வெளியே நிற்பான். தொகையை எண்ணால் வரையறுக்க வேண்டும். இடங்களில் ஒரு பங்கையேனும் திருவுளச்சீட்டால் வழங்கலாம். இது நடைமுறைக்கு ஒவ்வாதென்று என் மருமகன் கூறுகிறார். அவர் வங்கியாளர், அவருக்குச் சீட்டில் நம்பிக்கையில்லை.

பெருங்கப்பல்கள்மேல் எனக்கு வெறுப்பு இருப்பதாக யாரும் கொள்ள வேண்டா. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்த செய்தி கேட்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். காங்கேசன்துறை ஒரு துறைமுகம், கப்பலுக்கென்றே அமைந்தது. பறவை முட்டையிடும் பாறை அத்தகையதன்று. இவ்வேற்றுமையைப் பிற நாட்டாரும் உணரத் தலைப்பட்டுள்ளனர். வடதுருவத்தை அடுத்த சுவால்பாட்டுத் தீவுகளிலே, 2025ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தொடக்கம், காவற்பகுதிகளுக்குள் 200 பிரயாணிகளுக்கு மேற்பட்ட கப்பல் செல்லலாகாது என்றும், அங்கே குறிக்கப்பட்ட 43 இடங்களிலன்றிக் கரையிறங்கலாகாது என்றும் நோர்வே அரசு விதித்துள்ளது.

எங்கள் வழிகாட்டி சான் கிறித்தோபலில் பிறந்த மீனவர் மகன். தகப்பனார் காலத்திலே பூங்கா என்றாலே மீனவர்க்குச் சினம் மூளும் என்றார். மீன்பிடிக்கு வரையறை, உல்லாசக் கப்பலுக்கோ வரவேற்பு, எவர்க்குத்தான் பொறுக்கும்? இப்பொழுதோ அவர் வீட்டில் மூவர் கப்பல்களால் வாழ்கின்றனர். பயணத்தின் கடைசி இரவில் அவர் என்னை நோக்கி, “ஆயிரம் பேர் கொள்ளும் கப்பல் குறைந்த விலைக்கு வருமாயின் நீங்கள் அதில் வந்திருப்பீர்களா?” என்று கேட்டார். வந்திருப்பேன் என்றேன். “என் அண்ணனும் அதைத்தான் சொல்கிறான், கடை வைத்திருக்கிறான்” என்று கூறிவிட்டு, மறுநாள் விடியற்காலைப் பயணத்துக்குப் பாதணிகள் கழுவப்பட்டுள்ளனவா என்று பார்க்கச் சென்றார்.