காரைக்காலில் கேட்ட ஒரு கேள்வி

நாகையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்து, நாகூரைக் கடந்து வாஞ்சூரை அடைந்ததும் தமிழ்நாட்டு எல்லை முடிந்து புதுவை ஆட்சிப் பகுதி தொடங்குகிறது. வயல்கள் மாறவில்லை, தென்னைகள் மாறவில்லை, மக்களின் பேச்சும் மாறவில்லை. திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றால் காரைக்கால் நகரம் வந்துவிடும். அரசலாற்றங்கரையில் அமைந்த அந்நகரில், தூய தேற்றரவு அன்னை ஆலயத்தின் உயர்ந்த கோபுரம் வருவோரை வரவேற்று நிற்கிறது.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இவ்வூர், இடையிடையே ஆங்கிலேயர் வசம் சென்று மீண்டது. 1954 நவம்பர் முதல் நாள் நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறியது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அப்பொழுது வழி செய்யப்பட்டது. ஆதலால் ஒரே வீட்டில் அண்ணன் இந்தியராகவும் தம்பி பிரெஞ்சுக்காரராகவும் இருப்பதை இங்கே காணலாம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களை ஊரார் 'சொல்தா' என்றே அழைப்பர். ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடுமுறைக்கு வந்து சேர, பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கெரியும்.

அப்படியொரு ஜூலை மாதத்தில், நம் பள்ளித்தோழர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். பிரான்சில் பிறந்து வளரும் அவருடைய பேரனுக்கு, முன்னோர் வழிபட்ட ஆலயத்திலேயே புதுநன்மை கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. "நீ வராமல் விழா இல்லையப்பா" என்று நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அந்த அழைப்பு நமக்கு மகிழ்ச்சியைவிடக் கூச்சத்தையே மிகுதியாகத் தந்தது. அதற்குக் காரணம் உண்டு.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நண்பரின் தாயார் இறைவனடி சேர்ந்தார். பள்ளி நாள்களில் நமக்கும் சேர்த்தே சோறு பிசைந்து போட்ட அன்னை அவர். செய்தி உரிய நேரத்தில் கிடைத்தும் நாம் போகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, அவர்கள் வீட்டுத் திருமணம் ஒன்றில் நமக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்ற அற்பமான மனத்தாங்கலே அதற்குக் காரணம். நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், துக்கத்திற்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். அதை அறிந்தே தவறினோம். முதல் மாதம் வீம்பு தடுத்தது. அதன்பின் வெட்கம் தடுத்தது. "இனி எந்த முகத்தோடு போவது?" என்று எண்ணியெண்ணியே ஆறு ஆண்டுகள் கழிந்தன.

வாசலிலேயே நண்பர் நம் கையைப் பற்றிக்கொண்டார். பயண நலம் கேட்டார், காப்பி வந்தது, பழைய ஆசிரியர்களைப் பற்றிய பேச்சும் வந்தது. தாயாரைப் பற்றி மட்டும் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. சுவரில் மாலையிட்ட படம் தொங்கிக்கொண்டிருந்தது. நம் முகம் வாடிவிடக் கூடாது என்று அவர் காட்டிய பண்பு அது. அந்தப் பண்பின் நிழலில் நாம் சுகமாக அமர்ந்துவிட்டோம்.

அன்று பிற்பகல் சிறு நிகழ்ச்சி ஒன்று நடந்தது. முற்றத்தில் இருந்த பூச்சட்டி உடைந்து கிடந்தது. பேரன்தான் பந்து விளையாடி உடைத்தான் என்று நண்பர் கடிந்துகொண்டார். சிறிது நேரத்தில் அது பூனையின் வேலை என்று தெரிந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் நல்ல மாம்பழமாக ஒன்றைத் தேர்ந்து, தோல் சீவி, துண்டு போட்டுப் பையனின் தட்டில் வைத்தார். பையன் பழத்தைத் தின்றான். மாலையில் திண்ணையில் எல்லோரும் கூடியிருந்தபோது, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:

"தாத்தா ஏன் பார்தோன் சொல்லவில்லை?"

'பார்தோன்' என்றால் பிரெஞ்சு மொழியில் மன்னிப்பு. தெருவில் தோள் உரசினால் பார்தோன். குறுக்கே நடந்தால் பார்தோன். அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது மூச்சுப்போலப் பழகிய சொல்.

"அந்த மாம்பழம்தான் உன் தாத்தாவின் பார்தோன்" என்றார் பாட்டி. எல்லோரும் சிரித்தோம், பையன் சிரிக்கவில்லை.

அங்கிருந்த நண்பரின் தங்கை மகன், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கொரிய நிறுவனம் ஒன்றில் பொறியாளர். கொரியாவிலும் சில காலம் தங்கிப் பணியாற்றியவர். "மாமா, கொரியாவிலும் இதே கதைதான்" என்று பேச்சில் கலந்துகொண்டார். அந்நாட்டில் 'செம்யொன்' என்றொரு சொல் உண்டு. மற்றவர் முன் ஒருவர் காக்க வேண்டிய முகம், மதிப்பு என்பது அதன் பொருள். மேலதிகாரியின் பிழையைப் பலர் நடுவில் எவரும் சுட்டமாட்டார். அவரும் பிழையை வாயால் ஒப்புக்கொள்வது அரிது. மறுநாள் எல்லோரையும் அழைத்து விருந்து கொடுப்பார். நெரிசலில் இடித்துக்கொண்டவர்கள் பேசாமல் போய்விடுவர். அங்கே குடியிருக்கும் மேனாட்டார் பலர், "இவர்களுக்கு மன்னிப்புக் கேட்கவே தெரியாதோ?" என்று குறைப்படுவார்களாம். ஆனால் அதே நாட்டில், 2014 டிசம்பரில், விமானத்தில் பருப்புப் பொட்டலத்திற்காகப் பணியாளரிடம் சீறி, புறப்பட்ட விமானத்தையே திருப்பச் செய்த ஒரு பெண் அதிகாரிக்காக, அந்த நிறுவனத்தின் தலைவரான அவருடைய தந்தை செய்தியாளர்கள் முன் தலை தாழ்த்தினார். மகளைச் சரியாக வளர்க்கவில்லையே என்று தம்மையே குறை கூறிக்கொண்டார்.

அவர் சொன்ன இன்னொரு செய்தி நம்மை மிகவும் கவர்ந்தது. கொரிய மொழியில் 'சாகுவா' என்றால் ஆப்பிள். மன்னிப்புக் கோருதலுக்கும் அதே ஒலியுள்ள சொல்தான். ஆகவே அக்டோபர் 24ஆம் நாளை ஆப்பிள் நாளாக வைத்து, மனம் நோகச் செய்தவருக்கு ஒரு பழத்தைக் கொடுத்து உறவைச் சீர்செய்யும் வழக்கம் அண்மைக் காலத்தில் அங்கே தோன்றியிருக்கிறது. "பார்த்தாயா? அங்கே ஆப்பிள், இங்கே மாம்பழம்" என்று நண்பர் பேரனின் தலையைத் தடவினார்.

நாமும் சிந்திக்கலானோம். மன்னிப்புக் கேட்கும் வழிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தவறிக் கால் பட்டுவிட்டால், பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆயிரம் பார்தோனுக்கு அது ஈடாகும். பேச்சற்றுப் போன பங்காளி வீட்டிற்குத் திருமண அழைப்பிதழோடு தாம்பூலத் தட்டை எடுத்துச் செல்கிறோம். 'முகத்தாட்சணியம்' என்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறோம். விருந்தினர் முன் முகம் திரிந்து நோக்குவதே அவரை வாடச் செய்துவிடும் என்று வள்ளுவரும் எச்சரித்திருக்கிறார். மறுபுறம், வாயில் வரும் மன்னிப்பெல்லாம் நெஞ்சிலிருந்து வருவதுமில்லை. 'என்னை நானே மன்னித்துக்கொள்கிறேன்' என்று பொருள்படும் ஒரு தொடரைப் பிரெஞ்சுக்காரர் பலர் சொல்லிவிட்டுப் போவதுண்டு. அது முறையன்று, மன்னிக்கும்படி மற்றவரைத்தான் வேண்ட வேண்டும் என்று அவர்களுடைய ஆசிரியர்களே திருத்துவர்.

அந்த வீட்டில் மாம்பழத்திற்குக் குறைவில்லை. காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடந்து முடிந்திருந்தது. வீதியுலாவின்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்க, மக்கள் முண்டியடித்துப் பிடிப்பார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கும் அவ்வரலாற்றைச் சைவ அன்பர்கள் பக்தியோடு போற்றுகின்றனர்; நாம் அதில் மனித உறவின் பக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தோம். புனிதவதியாரின் கணவன் பரமதத்தன் நாகை நகரத்து வணிகன். மனைவியின் கையில் இறையருளால் கனி வந்ததைக் கண்டு அஞ்சினான். அவளிடம் தன் அச்சத்தைச் சொல்லவில்லை. வாணிகத்திற்கென்று கப்பலேறி, பாண்டிய நாட்டில் வேறொரு பெண்ணை மணந்து வாழ்ந்தான். சுற்றத்தார் புனிதவதியாரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்தியபோது, மனைவி குழந்தையோடு வந்து அவர் காலில் விழுந்தான். அவரைத் தெய்வம் என்றான். தன் மகளுக்கு அவர் பெயரையே சூட்டியிருந்ததையும் சொன்னான். வணக்கம் முழுமையானதுதான். ஆனால் "உன்னிடம் சொல்லாமல் போனேனே" என்ற ஒரு சொல் அதில் இல்லை. நாமும் அன்று நாகையிலிருந்துதான் வந்திருந்தோம். நம் கையிலும் இனிப்புப் பொட்டலம் மட்டுமே இருந்தது.

இரவு உணவிற்குப்பின் நண்பரும் நாமும் கடற்கரைக்குச் சென்றோம். காற்று நன்றாக வீசியது. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா இறந்தபோது நான் வரவில்லை. வர முடியாமல் அல்ல, வீம்பினால் வரவில்லை. என்னை மன்னித்துவிடு" என்று சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது.

"அதெல்லாம் விடப்பா" என்று நண்பர் சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடைசி வாரத்தில் அம்மா உன்னைக் கேட்டார்கள். இரண்டு முறை கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறான் என்று பொய் சொன்னேன்" என்றார். குரல் தழுதழுத்தது. ஆறு ஆண்டுகளாக அவர் நெஞ்சில் அடைபட்டிருந்த சொற்கள் அவை. நம் முகம் வாடுமே என்று அவரும், தம் முகம் போகுமே என்று நாமும் வாய்மூடி இருந்ததில், அந்தத் துயரத்தைச் சொல்லி ஆறும் உரிமைகூட அவருக்கு இல்லாமற் போயிருந்தது.

அப்பொழுதுதான் நமக்கு விளங்கியது. பிறர் முகத்தைக் காப்பது அன்பு. தன் முகத்தைக் காப்பது வெறும் அச்சம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பழமும் விருந்தும் தாம்பூலமும் நல்லவையே. ஆனால் காயம்பட்டவருக்குப் பேச வாய் கொடுப்பது, தவறு செய்தவர் தம் வாயால் சொல்லும் சொல் ஒன்றே. பாவசங்கீர்த்தனத்தில் குற்றத்தை நம் வாயாலேயே சொல்லுமாறு தாய்த் திருச்சபை கேட்பதன் நுட்பம் இதுவென்று எண்ணினோம்.

மறுநாள் காலைத் திருப்பலியில் பையன் வெள்ளுடையில் தேவதூதனைப்போல் நின்றான். சமாதானம் பகிரும் வேளை வந்தது. அவ்வேளையில் அருகில் நிற்பவரை வணங்குவது எளிது. மனத்தாங்கல் கொண்டவர் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து வரிசையில்தானே நிற்கிறார்! நண்பர் தம் இடத்தைவிட்டு நகர்ந்து, முன்வரிசையில் நின்ற பேரனிடம் சென்று குனிந்து, காதில் ஏதோ சொன்னார். பையனின் முகம் மலர்ந்தது. என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

விழா விருந்துக்கு முன்பு, "வா, அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம்" என்று நண்பர் நம்மைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். ஆறு ஆண்டுகள் தாமதித்து வந்த நாம், ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தோம். கடற்காற்றில் அது அணைந்து அணைந்து போயிற்று. நண்பர் தம் இரு கைகளாலும் மறைத்து நிற்க, மீண்டும் ஏற்றினோம்.